மலைச்சைக்கிளின் பிறப்புச் சான்றிதழ்

அக்டோபர் 21 நெருங்கினால் மும்பையின் சைக்கிள் ஆர்வலர்களுடைய பக்கங்களில் ஒரே கதை திரும்பத் திரும்பப் பகிரப்படுகிறது. 1976ஆம் ஆண்டு அதே நாளில், கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூரை ஒட்டிய மலைச்சரிவில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மண்பாதை வழியே இறங்கிப் பந்தயம் விட்டார்கள். மலைச்சைக்கிள் அன்றுதான் பிறந்தது என்பது கதை. இம்முறை அதை எனக்கு அனுப்பிய நண்பர் ஒரு வரியையும் சேர்த்திருந்தார்: "இப்படி ஒரு கண்டுபிடிப்பு மனம் நம்மிடம் ஏன் இல்லாமல் போயிற்று?" நண்பர் செம்பூரில் வசிப்பவர். ஞாயிறுதோறும் அவர் யேவூர்க் காட்டுக்கு ஓட்டிச்செல்லும் சைக்கிளின் விலைக்குத் தாராவியில் பத்து இட்லி வியாபாரிகளுக்கு வண்டி வாங்கிக் கொடுத்துவிடலாம். அவருக்கு உள்பெட்டியில் பதில் எழுதத் தொடங்கினேன். அது நீண்டுவிட்டதாலும், இதே கேள்வியை வேறு பலரும் வெவ்வேறு சொற்களில் கேட்டு வருவதாலும் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் மரின் இளைஞர்களுக்கு உரியதை அவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். அவர்கள் தேடி எடுத்தவை 1930களிலும் 40களிலும் வந்த ஷ்வின் எக்ஸெல்சியர் போன்ற சட்டகங்கள். செய்தித்தாள் போடும் சிறுவர்கள் ஓட்டித் தேய்த்து, பிறகு பழைய இரும்பாகக் கிடந்தவை. ஷ்வின் நிறுவனம் 1933இல் அறிமுகப்படுத்திய தடித்த பலூன் டயர்கள் அவற்றுக்குப் பொருந்தும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் பின்சக்கரத்தின் அச்சுக்குள் இருந்தது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் ஏறத்தாழ 400 மீட்டர் கீழிறங்கும் அந்தப் பாதையில் ஒருமுறை இறங்கினாலே அச்சுக்குள் இருக்கும் கிரீஸ் புகைந்து தீய்ந்துவிடும்; மீண்டும் அடைத்தாக வேண்டும். பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது அதனால்தான். கேரி ஃபிஷர் அந்தப் பழைய சட்டகத்தில் கியரையும் டிரம் பிரேக்கையும் மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடியையும் பொருத்தினார். ஜோ பிரீஸ் 1977இல் அதே வேலைக்கென்று புதிய சட்டகத்தைத் தானே கட்டினார். 1979இல் ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிச்சி கட்டிய சட்டகங்களை வைத்துக் கடை திறந்தார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஜப்பானில் செய்வித்த 'ஸ்டம்ப்ஜம்பர்' சந்தைக்கு வந்தது. 1996 அட்லாண்டாவில் மலைச்சைக்கிள் ஒலிம்பிக் விளையாட்டாயிற்று. இவை யாவும் உண்மை. அந்த விளையாட்டும் அந்தத் தொழிலும் அங்கே பிறந்தன என்பதில் எனக்கு மறுப்பேதும் இல்லை.

மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. மேற்சொன்ன கதையில் கண்டுபிடிப்பு என்று போற்றப்படும் செயல் என்ன என்று கூர்ந்து பாருங்கள். சீரான சாலைக்கென்று செய்த, கனமான, மலிந்துபோன ஒரு வண்டியை எடுத்து, அது தாங்காத நிலத்தில் தாங்குமாறு, கிடைத்த உறுப்புகளைக் கொண்டு, உடைந்த இடங்களைப் பார்த்துப் பார்த்து வலுப்படுத்தினார்கள். அவ்வளவுதான். மிகப் பெரிய செயல்தான். ஆனால் இந்தச் செயலுக்குப் பிறப்பிடம் ஒன்று, பிறந்த தேதி ஒன்று, தந்தையர் நால்வர் என்று சான்றிதழ் எழுதும்போது, அதே செயலை அதற்கு முன்னும் பின்னும் வேறு நிலங்களில் செய்தவர்களெல்லாம் எங்கே போனார்கள்?

இந்தச் சான்றிதழை அமெரிக்கர்களே முழுதாக ஏற்பதில்லை. 1974 டிசம்பரில் கூப்பர்ட்டினோவிலிருந்து வந்த மாரோ டர்ட் கிளப் என்னும் குழுவினர் தடித்த டயர் வண்டிகளில் கியர் பொருத்தி வந்ததை மரின்காரர்கள் ஒரு பந்தயத்தில் நேரில் பார்த்தார்கள். அதற்கும் முன்பு, 1951க்கும் 1956க்கும் இடையில், பாரிஸ் புறநகரில் சுமார் இருபது இளைஞர்கள் தங்கள் சைக்கிள்களைக் காட்டுப் பாதைக்கேற்ப மாற்றி ஓட்டினார்கள். 1955இல் இங்கிலாந்தில் 'ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்' தொடங்கியது. இன்னும் பின்னே சென்றால் 1897: அமெரிக்கப் படையின் 25ஆவது காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த இருபது கறுப்பினச் சிப்பாய்கள் மொன்டானாவின் மிசூலாக் கோட்டையிலிருந்து செயிண்ட் லூயிஸ் வரை 1,900 மைல், மலையும் சேறும் மணலும் கடந்து, சுமையோடு சைக்கிளில் சென்றார்கள். அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்லும் பெயர், உடன்சென்ற வெள்ளை அதிகாரி ஜேம்ஸ் மாஸுடையது. மிதித்த இருபது பேரின் பெயர்களைத் தேடித்தான் அறியவேண்டும். வரலாறு எந்தப் பக்கம் சாய்ந்து எழுதப்படுகிறது என்பதற்கு இதுவே போதும்.

இனித் தாராவிக்கு வருவோம்.

மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயரில்தான் மாட்டுங்கா, இருப்பது தாராவியில். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாட்டுங்காத் தமிழர்கள் தங்கள் முகவரியோடு இதைச் சேர்த்துக்கொள்வதில்லை என்பது தனிக்கதை. இங்கிருந்தும் சுற்றியுள்ள சந்துகளிலிருந்தும் விடியுமுன்பே இட்லி வண்டிகள் கிளம்புகின்றன. பின்கேரியரில் பெரிய அலுமினியப் பாத்திரம், அதில் நூற்றுக்கணக்கான இட்லிகள். ஹாண்டில்பாரின் இருபுறமும் சாம்பார்த் தூக்கும் சட்னித் தூக்கும். கட்டைவிரலருகே ரப்பர்ப் பந்து ஹாரன். சயான், செம்பூர், குர்லா என்று அவை பரவுகின்றன. 'ஆஃப்-ரோடு' என்றால் காடும் மலையும்தான் என்று நினைப்பவர்கள், ஆடி மாத மழையில், தோண்டிப்போட்ட மூடாத பள்ளங்களுக்கும் பெயர்ந்த சிமெண்டுக் கற்களுக்கும் நடுவே, கொதிக்கும் சாம்பாரைச் சிந்தாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். 2024 ஆகஸ்டில், பிரிட்டிஷார் காலத்துச் சயான் மேம்பாலத்தை இடித்துக் கட்டுவதற்காக மூடிய பிறகு அந்தப் பாதை இன்னும் சுற்றாயிற்று.

இந்த வண்டியின் அடிப்படை, நாம் அனைவரும் அறிந்த கறுப்பு ரோட்ஸ்டர். இங்கிலாந்தில் உருவான வடிவம்; 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ், 1956இல் தொடங்கிய லூதியானா ஹீரோ எனப் பல ஆலைகள் ஏறக்குறைய மாற்றமின்றி வார்த்துத் தள்ளியது. 28 அங்குலச் சக்கரம், முன்னே 32 கம்பி, பின்னே 40 கம்பி, இருபது கிலோவை ஒட்டிய எடை. ஹாண்டில் கழுத்து நன்றாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி அதிகம். இந்தச் சாய்வும் நீளமும்தான் மேடுபள்ளத்தில் வண்டியை நேராக வைத்திருக்கின்றன. மரின்காரர்கள் எக்ஸெல்சியரைத் தேடி அலைந்ததும் ஏறத்தாழ இதே சாய்வுக்காகத்தான். இன்று லட்சக்கணக்கில் விலை சொல்லும் மலைச்சைக்கிள் விளம்பரங்கள் 'சாய்ந்த கழுத்து, நீண்ட இடைவெளி' என்பதை நவீன வடிவியல் என்று கூவுகின்றன. பால்காரருடைய வண்டியில் அது எப்போதும் இருந்தது.

ஆலையிலிருந்து வந்த வண்டி அப்படியே வேலைக்குப் போவதில்லை. 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஒருவர் நடத்தும் சைக்கிள் கடையில் நான் பல நாள்கள் உட்கார்ந்திருக்கிறேன். கடை என்றால் ஒரு படியும் ஒரு தார்ப்பாயும் வெல்டிங் செய்யும் பக்கத்து வீட்டுக்காரரும். அங்கே வண்டிக்குக் குறுக்குப்பார் இரண்டாகிறது. கேரியர் கழற்றப்பட்டு ஆங்கிள் இரும்பில் புதிது வைக்கப்படுகிறது. பின்சக்கரத்துக் கம்பிகள் தடித்தவையாக மாற்றப்படுகின்றன. டியூபுக்கும் டயருக்கும் நடுவே பழைய டயரை அறுத்து உள்ளுறையாக வைக்கிறார்கள். ஸ்டாண்டு, சுமையோடு நிற்கும்போது சாயாதபடி கால் அகட்டி வைத்ததாக மாறுகிறது. முன்ஃபோர்க்குக்கு, அச்சிலிருந்து ஹாண்டில்வரை, கூடுதலாக இரண்டு கம்பிகள் ஏறுகின்றன. சுமை பின்னால் இருக்கும்போது முன்னால் எதற்குக் கம்பி என்று கேட்டேன்.

"பாரம் பின்னாலதான இருக்குன்னு எல்லாரும் நினைக்காங்க தம்பி. பிரேக்கப் புடிச்சா அது எங்க போவும்? முன்னாலதான வரும். கழுத்துல படக்குன்னு ஒடியும். இந்த ரெண்டு கம்பியும் அந்த அடிய வாங்கிக்கிடும்."

"யார் சொல்லித்தந்தது அண்ணாச்சி?"

"ஒடிஞ்ச ஃபோர்க்குதான்."

வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுவதை இயந்திரப் பொறியியல் மாணவர்கள் சமன்பாடாகப் படிக்கிறார்கள். இவருக்கு அது முறிந்த ஃபோர்க்கின் வாயில் தெரிகிறது. எங்கே முறிந்தது, எந்தச் சாய்வில் முறிந்தது, எவ்வளவு சுமையில் முறிந்தது என்று பார்த்து, காரணத்தை ஊகித்து, திருத்தி, ஓடவிட்டு, மீண்டும் பார்ப்பது ஆய்வு முறையல்லவென்றால் நான் எதற்காக உதவித்தொகை வாங்குகிறேன் என்று தெரியவில்லை. நான் பார்த்த மற்றக் கடைகளிலும் அந்தக் கம்பி அதே இடத்தில்தான் ஏறுகிறது. ஒருவருடைய ஒருநாள் யோசனையாக அது இல்லை. கைமாறி வந்த, சோதித்துத் தேர்ந்த தொழில்நுட்பமாக இருக்கிறது. ரோம் தகடு பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை பிடிக்காது என்பதும் அவர்கள் கணக்கில் உண்டு. ஆகவே இறக்கத்தில் இறங்கித் தள்ளுகிறார்கள். அதுவும் வண்டியைப் பற்றிய அறிவுதான்.

ஒரு கருத்தரங்கில் இதையெல்லாம் படம் வைத்து விளக்கினேன். அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் மனமுவந்து பாராட்டினார்: "அருமையான ஜுகாட்!"

என் சண்டை இந்தச் சொல்லோடுதான். 2012இல் 'ஜுகாட் இன்னோவேஷன்' என்னும் நூல் வெளிவந்ததிலிருந்து பெருநிறுவன மேலாளர்களுக்கு இது பிடித்தமான சொல்லாகிவிட்டது. கேட்கப் புகழ்ச்சிபோல இருக்கும். உள்ளே பார்த்தால், 'இவர்களுக்குத் திட்டம் கிடையாது, கோட்பாடு கிடையாது, வறுமை நெருக்கியதால் ஏதோ ஒப்பேற்றினார்கள்' என்பதே அதன் பொருள். மோட்டார் சைக்கிள் பிரேக் பிடியை ஷ்வின்னில் மாட்டியபோது கேரி ஃபிஷர் செய்ததும் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றியதுதானே? அதை ஏன் எவரும் கலிபோர்னிய ஜுகாட் என்று எழுதுவதில்லை? அங்கே செய்தவருக்குப் பெயர் இருந்தது, படம் எடுக்க ஆள் இருந்தது, பந்தய நேரத்தைக் குறித்துவைத்த கெல்லியின் குறிப்பேடு இருந்தது, எழுத இதழ்கள் இருந்தன, பிறகு மூலதனம் வந்தது. ஜோ பிரீஸ் கட்டிய முதல் வண்டி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. தாராவிக்காரருடைய வண்டி மாநகராட்சியின் ஆக்கிரமிப்பு அகற்றும் லாரியில் ஏறி, கிடங்கில் துருப்பிடிக்கிறது.

இதில் சாதி இல்லையென்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. கையால் செய்பவன் தலையால் சிந்திப்பதில்லை என்னும் நம்பிக்கையின்மேல்தான் நம் சமூகத்தின் அடுக்கு முழுதும் நிற்கிறது. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்குத் தோல் பதனிடும் வேலைக்கு வந்த ஆதிதிராவிடர்களின் வேதியியலை எவரும் வேதியியல் என்று சொன்னதில்லை. அதை நாற்றம் என்றார்கள். சைக்கிள் கடைக்காரரின் பொறியியலுக்கு நேர்வதும் இதுவே. வெறுப்புக்குப் பதிலாகச் செல்லத் தட்டல் வந்திருக்கிறது என்பது மட்டும் வேறுபாடு.

சற்று வெளியேயும் பார்க்கலாம். 1954இல் தியன் பியன் பூ போரில் வியட்நாமியர்கள் 20,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களைக் கொண்டு காட்டு மலைப்பாதையில் உணவும் வெடிமருந்தும் கொண்டுசென்றார்கள். இருக்கையில் எவரும் உட்காரவில்லை. ஹாண்டிலில் மூங்கில் கட்டி நீட்டி, இருக்கைக் குழாயில் ஒரு கழியைச் செருகி, சட்டகத்தை வலுப்படுத்தி, 200 கிலோவும் அதற்கு மேலும் ஏற்றித் தள்ளினார்கள். அவற்றுள் பல பிரெஞ்சு பெஜோ வண்டிகள் என்பது வரலாற்றின் குறும்பு. ஜார்க்கண்டில் இன்றும் சுரங்கப் பகுதிகளிலிருந்து ராஞ்சிக்கு 200 கிலோவுக்கு மேற்பட்ட நிலக்கரியைச் சைக்கிளில் கட்டி மலைச்சாலையில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். சட்டத்தின் பார்வையில் அவர்களில் பெரும்பாலோர் திருடர்கள். மலை இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது, மாற்றியமைத்த சட்டகம் இருக்கிறது. மலைச்சைக்கிள் வரலாற்றில் இவர்களுக்கு ஏன் ஓர் அடிக்குறிப்புக்கூட இல்லை? ஓய்வுநேரத்தில் இறங்கினால் அது வரலாறு, வயிற்றுக்காக ஏறினால் அது வறுமை. இந்தப் பிரிவினையை யார் செய்தது?

ஒரு பொருளை ஆக்குவது அதைச் செய்த ஆலை மட்டுமன்று, அதைப் பயன்படுத்துகிறவரும்தான் என்பதற்கு நம் ஊரிலேயே அழகான சான்று உண்டு. 1991–92இல் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியபோது ஒரு சிறிய செய்தியைக் குறித்திருந்தார்: பெண்களுக்கான சைக்கிள்கள் தட்டுப்பட்டபோது ஆண்களுக்கான வண்டியையே ஓட்டினார்கள், சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள், ஏனெனில் அதன் குறுக்குப்பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம். பெண்ணை விலக்கிவைக்கும் கம்பி என்று எல்லாரும் கருதியது குழந்தையின் இருக்கையாயிற்று. கல்குவாரிப் பெண்களும் தண்ணீர்க் குடம் சுமந்த பெண்களும் அந்த வண்டியில் சென்ற பாதைகளில் தார் கிடையாது.

இங்கே இன்னொரு பக்கத்து நண்பர்களையும் நிறுத்தவேண்டியிருக்கிறது. இதைப் படித்ததும் 'ஆக, மலைச்சைக்கிளைக் கண்டுபிடித்தவன் தமிழன்' என்று பதாகை செய்யக் கிளம்புவார்கள். தயவுசெய்து வேண்டாம். தாராவி மலைச்சைக்கிளைக் கண்டுபிடிக்கவில்லை. மரினிடமிருந்து சான்றிதழைப் பிடுங்கி நம் பெயரை எழுதிக்கொள்வது, சான்றிதழ் எழுதும் அந்த மோசடியை அப்படியே காப்பாற்றுவதாகும். ஒரே நெருக்கடிக்கு ஒரே வகை இரும்பைக்கொண்டு பல நிலத்து மக்கள் பலமுறை விடை கண்டிருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு மட்டும் கண்டுபிடிப்பாளர் என்னும் பட்டம் எப்படிக் கிடைத்தது என்பதுதான் கேள்வி. 'நாங்களே முதல்' என்னும் கூச்சலில் இந்தக் கேள்விதான் முதலில் அடிபட்டுச் சாகும்.

பட்டத்தில் என்ன இருக்கிறது, போகட்டும் என்று சிலர் சொல்லக்கூடும். பட்டம் இருப்பவருக்குத்தான் பாதை போடப்படுகிறது என்பதை மும்பையில் கண்கூடாகப் பார்க்கலாம்.

தான்சா ஏரியிலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரும் குழாய்களின் இருபுறமும் 10 மீட்டருக்குள் இருக்கும் குடிசைகளை அகற்றுமாறு 2009இல் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குழாய்களின் பாதுகாப்பு காரணமாகச் சொல்லப்பட்டது. வீடுகள் கட்டங்கட்டமாக இடிக்கப்பட்டன. பிறகு, அப்படித் துப்புரவான நிலத்தில், குழாய்களை ஒட்டி 39 கிலோமீட்டர்ச் சைக்கிள் தடம் வரும் என்று மாநகராட்சி அறிவித்தது. வீடிழந்த பல குடும்பங்கள் செம்பூரை அடுத்த மாகுலுக்கு அனுப்பப்பட்டன. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் மடியில் இருக்கும் மாகுலின் காற்று அங்கே வாழ்பவர்களின் உடல்நலத்துக்குக் கண்கூடான அச்சுறுத்தல் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது. மாகுலுக்குப் போக மறுத்தவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுங்கள் என்று 2019இல் உயர் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. சைக்கிள் தடத்துக்கு வழிவிட்டவர்களில் சைக்கிளால் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தத் திட்ட அறிக்கையாவது எண்ணியதா? தடத்தின் மாதிரிப் படங்களில் தலைக்கவசமும் இறுக்கமான காற்சட்டையும் அணிந்தவர்கள் ஓட்டுவார்கள். பாத்திரம் கட்டிய வண்டி ஒன்றையாவது நீங்கள் கண்டதுண்டா? தாராவிக்கு அடுத்த வேலியில் இருக்கும் பாந்த்ரா–குர்லா வளாகத்திலும் 2011இல் சைக்கிள் தடம் போட்டார்கள். அது கார்கள் நிற்குமிடமாயிற்று. வேலிக்கு இந்தப் பக்கம் அன்றாடம் சைக்கிள் மிதிப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், தடம் எங்கே வேண்டும், எத்தனை அகலம் வேண்டும், எந்த மணிக்கு விளக்கு எரியவேண்டும் என்று சொல்லியிருப்பார்கள்.

இப்போது தாராவி மறுசீரமைப்பு. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்றது. தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்று 2024 தொடக்கத்தில் அறிவித்தார்கள். அளக்கிறார்கள், எண்ணிடுகிறார்கள். நல்லது. இட்லி வியாபாரியின் தொழிற்கூடம் என்பது மாவரைக்கும் இயந்திரம், அவிக்கும் அடுப்பு, சந்தில் நிற்கும் சைக்கிள், நாலெட்டில் இருக்கும் பழுதுக் கடை ஆகியவை சேர்ந்த ஒன்று. பதினைந்தாவது மாடியில் அதிகாலை மூன்று மணிக்கு எந்த மின்தூக்கியில் அந்தப் பாத்திரம் இறங்கும்? வண்டி எங்கே நிற்கும்? படியும் தார்ப்பாயும் மட்டுமே உள்ள கடைக்கு எந்தப் பட்டியலில் இடம்? 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நடமாடும் வியாபாரியையும் வியாபாரி என்றே ஏற்கிறது; அவருடைய வண்டி நிற்க ஓரிடம் தருவதற்கு மட்டும் எந்த வரைபடத்திலும் கோடு இழுக்கப்படுவதில்லை. ஜுகாட் செய்கிறவர்கள்தானே, எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் இந்த மௌனத்தின் பின்னே இருக்கிறது. அந்தச் சொல்லின்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் இதுதான், செம்பூர் நண்பரே.

நானும் இரண்டு மாணவர்களும் தாராவியிலும் செம்பூரிலும் ஓடும் சுமை வண்டிகளை அளந்து, வரைபடமாக்கி வருகிறோம்: கழுத்தின் சாய்கோணம், சக்கர இடைவெளி, கூடுதல் கம்பியின் தடிப்பு, பற்றவைப்பு இருக்கும் இடம், முறிந்த உறுப்பின் படம், செய்தவரின் பெயர் (அவர் சம்மதித்தால்). பொறியியல் வரைபடம் போடத் தெரிந்தவர்கள் இருவர் தேவை. மராத்தியும் உருதும் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் குர்லாப் பக்கத்துக் கடைகள் பெரும்பாலும் தமிழர்களுடையவை அல்ல. வர விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். காலை பத்து மணிக்கு முன் வராதீர்கள். அதற்குப் பிறகுதான் வண்டிகள் திரும்பும்.